ஹாலித் தூக்கிய நீர்மூழ்கி

கவிழ்ந்து கிடக்கும் லாரியின் சன்னலுக்குள் தலையை நுழைத்து, "உள்ள யாரும் இருக்கீங்களா?" என்று கேட்கிறார் ஹாலித். கேட்ட பிறகுதான் கிரேன் கொக்கியை மாட்டுவார். சமயபுரம் நெடுஞ்சாலையில் பதினோரு வருடமாக இதே வழக்கம்.

"பாய், வண்டி காலிங்க. டிரைவர் நான்தான், இந்தா நிக்கிறேன்ல?"

"இருக்கட்டுங்க. ஒரு தடவ கேட்டுக்கிறேன்."

ஐம்பத்திரண்டு வயது. எதைப் பார்த்தாலும் எடை சொல்லிவிடுவார். ஒரு நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளையின் எடையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பத்து டன் லாரியை, தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல நிமிர்த்தி வைப்பார்.

முன்பு மலேசியாவில், கடலடியில் கிடக்கும் பழைய இரும்பை அள்ளும் மிதவையொன்றில் கிரேன் ஓட்டினார். அடியில் கிடப்பது சரக்குக் கப்பல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரு மதியம் கிரேனின் இரும்பு நகங்கள் குழாய் போன்ற நீண்ட உடலைக் கிழித்து மேலே கொண்டுவந்தன. உள்ளே சேறு. சேற்றில் ஒரு தோல் பூட்ஸ். பூட்ஸுக்குள் எலும்பு.

ஹாலித் எஞ்சினை நிறுத்தினார்.

"இரும்பப் பாருய்யா, எலும்ப ஏன் பாக்குற?" என்று மேஸ்திரி கத்தினான். அவர் இறங்கிவந்து சேற்றைத் துழாவினார். கிடைத்த எலும்புகளையெல்லாம் தன் கைலியில் முடிந்து, துஆ ஓதிக் கடலில் விட்டார். மறுநாள் வேலை இல்லை. அடுத்த விமானத்தில் திருச்சி.

அது டச்சுக்காரர்களின் நீர்மூழ்கி என்பதை, பல வருடம் கழித்து மகள் அஃபீஃபா செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கப்பல்களை மறிக்கச் சிங்கப்பூரிலிருந்து போனது. திரும்பும் வழியில் கண்ணிவெடியில் சிக்கியது. இறந்த முப்பத்தாறு பேரின் பெயர்ப் பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலுக்குக் கீழே வில்லமினா என்றொரு பெண் எழுதியிருந்தாள்: 'எஞ்சின் அறையில் இருந்தவர் என் தந்தை. அவர் போன பிறகுதான் நான் பிறந்தேன். கப்பல் கிடந்த இடத்தில் இப்போது வெறும் பள்ளம். எடுத்தவர்கள் யார்?'

மூன்று நாள் ஹாலித்துக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், "எழுதும்மா, நான்தான்னு எழுது. எலும்பக் கடல்ல விட்டதையும் எழுது" என்றார்.

"அத்தா, போலீஸ் கேஸாயிட்டா?"

"ஆகட்டும். பொறந்ததுலேருந்து அவங்க அத்தாவத் தேடிக்கிட்டிருக்காங்க."

பத்து நாள் கழித்து வீடியோ அழைப்பு. எண்பது தாண்டிய, தலை முழுக்க வெளுத்த மூதாட்டி. திட்டப்போகிறாள் என்று குனிந்தே உட்கார்ந்திருந்தவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று; அதை அஃபீஃபா மொழிபெயர்த்தாள்.

"அங்க தண்ணி ரொம்பக் குளிருமான்னு கேக்குறாங்க அத்தா. சின்ன வயசுலேருந்து அத நெனச்சே, போர்வைய இழுத்து மூடிக்கிட்டாலே மனசு உறுத்துமாம்."

ஹாலித் நிமிர்ந்தார். "இல்லம்மா, குளிராது. கைய விட்டுப் பாத்தவன் சொல்றேன். வெயில்ல கெடக்குற காவேரித் தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்."

அதைக் கேட்டு வில்லமினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் மூழ்கிய தேதியில் வருடந்தோறும் அழைக்கிறாள். போன டிசம்பரில், அந்தக் கடல் உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஹாலித் போனோடு பாலக்கரை வீட்டின் மாடிப்படி ஏறினார். காயப்போட்டிருந்த துணிகளை விலக்கி, கிழக்குச் சுவரோரம் போய் நின்றார். அவள் முகம் கிழக்கைப் பார்க்கும்படி போனை வெளிப்பக்கமாகத் திருப்பி, கை எட்டிய உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். போதும் என்று அவளாகச் சொல்லும்வரை இறக்கவில்லை.