பெட்டியைச் சுற்றி ஈரம்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் ‘தண்ணி அடிக்கிற’ வேலை. இதைச் சொன்னதும் சிரிக்காதவர்கள் குறைவு. அவர் இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நானே மாமாவை வேண்டிய மட்டும் ஓட்டியிருக்கிறேன். உண்மையில் அது நகராட்சி லாரி. டாங்கில் தண்ணீர் நிரப்பி, நாற்சந்தியில் கொண்டுபோய் நிறுத்தி, ஹோஸைப் பிடித்துச் சாலையையும் மரங்களையும் நனைக்க வேண்டும். தூசி அடங்கும். மாமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒப்பந்த ஆள், சூதுவாது தெரியாதவர். யாராவது ஒன்று சொன்னால் முதலில் நம்பிவிடுவார், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

அந்த நாற்சந்தியில், காற்றை அளக்கும் பெட்டி ஒன்று கம்பத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெரிய மின்பலகை. காற்று நன்றாக இருந்தால் பலகையில் பச்சை, கெட்டிருந்தால் சிவப்பு. அதே நிறம் கைப்பேசியிலும் வரும். சூப்பர்வைசர் மாமாவிடம் கறாராகச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: "எங்க அடிச்சாலும் அடிக்காட்டாலும், அந்தப் பொட்டியைச் சுத்தி மட்டும் நல்லா அடிச்சிடு." மாமா அதைத் தலைமேல் கொண்டு செய்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு பலகையில் சிவப்பு வருவது அபூர்வமாகிவிட்டது. அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. ஊருக்கே காற்றைக் கழுவிக் கொடுப்பதாக நினைப்பு.

நானும் அவர்களோடு இருக்கும் வீட்டில் என்னடாவென்றால், அக்கா மகள் பாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. ஐந்து வயதுப் பிள்ளை. டாக்டரம்மா மருந்து கொடுத்து, ஒரு வழியும் சொன்னார். பச்சை நாளில் வெளியே விளையாட விடுங்கள், சிவப்பு நாளில் கதவைச் சாத்தி உள்ளேயே வையுங்கள். அக்கா தினமும் கைப்பேசியைப் பார்ப்பாள். பச்சை. விடுவாள். சாயங்காலம் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்.

"பச்சையாதானே இருந்துச்சு?" என்று டாக்டரம்மாவே குழம்பினார். "அப்ப வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்கு. தூசி, பஞ்சு, துணி... நல்லா தேடிப் பாருங்க."

அக்கா தேடினாள். திரைச்சீலை போனது. தலையணை போனது. பாப்பா கட்டிக்கொண்டு தூங்கும் துணிக்கரடியும் போனது. அன்று பாப்பா அழுத அழுகையில் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், வெட்டுத்துணிதான் காரணம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தன் தையல் மெஷினையே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "நான்தான் புள்ளைய கெடுத்துட்டேன்" என்று அவள் அழுதபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இழுப்பு நிற்கவுமில்லை.

அப்போதுதான் மாமாவுக்கு ஒரு யோசனை உதித்தது. நாற்சந்திக் காற்றைக் கழுவத் தெரிந்தவருக்குத் தன் தெருக் காற்றைக் கழுவத் தெரியாதா? வேலை முடிந்ததும், டாங்கில் மிச்சமிருந்த தண்ணீரோடு லாரியை எங்கள் தெருவுக்கே ஓட்டி வந்துவிட்டார். வாசல், சுவர், கொடியில் காய்ந்த துணி, எதிர்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் என ஒன்று விடாமல் நனைத்தார். தெரு சேறானது. எதிர்வீட்டுக்காரர் கத்தியதை மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"பாப்பா, இப்ப வா. நல்லா மூச்சு விட்டுப் பாரு."

அது விட்டுப் பார்த்தது. "அப்படியேதான்ப்பா இருக்கு."

மறுநாள் ஆபீசில் மாமாவுக்குச் செம டோஸ். சாப்பிட உட்கார்ந்தபோது எங்களிடம் சொன்னார். சொல்லும்போதே திருதிருவென்று விழித்தார்.

"'உன் தெருவுல எதுக்குய்யா அடிச்சே'ன்னார் சூப்பர்வைசர் சார். 'புள்ளைக்கு மூச்சு முடியல, தூசி அடங்கட்டும்னு அடிச்சேன்'னேன். 'அங்க பொட்டி இருக்கா'ன்னு கேட்டார். இல்லைன்னேன். 'அப்புறம் எதுக்கு தண்ணிய வீணாக்குறே'ன்னுட்டார். எனக்கு ஒண்ணுமே புரியல."

எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. வாய்க்குக் கொண்டுபோன அவள் கை அப்படியே தட்டுக்குத் திரும்பியது.

"நீங்க நனைச்ச இடத்தைத்தான் அந்தப் பொட்டி அளக்குது," என்றாள். "அதைப் பார்த்துத்தான் நான் தினமும் இவள வெளிய விட்டேன்."

"அடிச்சா தூசி அடங்குதும்மா. என் கண்ணால பார்க்கிறேன். அது எப்படிப் பொய்யாகும்?"

"பொய்னு நான் சொல்லலையே."

"அப்ப உண்மையா?"

எனக்கு அந்தச் சூப்பர்வைசரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. "வேலைய விட்டுடுங்க மாமா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நான் விட்டா வேற ஆள் அடிப்பான்."

"யாருமே அடிக்காம இருந்தா?"

"அடங்கியிருக்கிற தூசியும் கிளம்புமே!"

அதுவும் சரிதான். தலை சுற்றியது. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தெடுக்க நான் படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை. அக்கா அன்றிலிருந்து பாப்பாவை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தாள். உள்ளே மட்டும் வேறு காற்றா வருகிறது என்று கேட்க வந்து, அடக்கிக்கொண்டேன்.

மறுநாளும் மாமா வேலைக்குப் போனார். பெட்டியைச் சுற்றி அடிக்கத்தான் செய்தார். நடந்ததை வீட்டுக்கு வந்து அவரே சொன்னார். பலகைக்கு எதிரே ஒரு பெண் குழந்தையோடு வந்து நின்றிருக்கிறார். குழந்தை முகத்தில் மாஸ்க். பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார். மாமா ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடினாராம்.

"கழட்டாதீங்கம்மா!"

"ஏன்? பச்சையாத்தானே இருக்கு?"

மாமா பலகையைப் பார்த்தார். பச்சைதான். "அது வந்தும்மா... நான்தான் தண்ணி..." என்று இழுத்தார்.

அந்தப் பெண் அவருடைய நனைந்த சட்டையையும் லாரியையும் பார்த்தாராம். முகம் மலர்ந்துவிட்டதாம்.

"ஓ, நீங்கதானா அது? ரொம்ப நன்றிண்ணா. நீங்க வந்ததுல இருந்துதான் இவள தைரியமா வெளிய கூட்டிட்டு வர்றேன்."