பாட்டு நின்ற இடம்

கோச்சடையில் ஒரு காதுகுத்து. பெரிய தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மண்டப வாசல் வளைவுக்கு வந்த நேரத்தில், அவருக்காகப் போட்ட பாட்டு பாதியில் அடங்கிவிட்டது. அடங்கியதற்குக் காரணம் நான்தான். அது அப்போது எனக்கே தெரியாது.

1. ஏணியும் மேசையும்

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சமயநல்லூரில் என் வீட்டுக்காரர் ஒலி ஒளி அமைக்கும் தொழில் செய்கிறார். ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்குவது, லைட் கட்டுவது, ஜெனரேட்டர் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. லேப்டாப்பில் பாட்டு கலப்பது என் வேலை. அவருக்குக் கம்ப்யூட்டர் ஒத்துவரவில்லை, எனக்கு வந்தது. எட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

எனக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சம். அதனால் என் மேசை எப்போதும் பெரிய பாக்ஸுக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருக்கும். யாராவது வந்து "டிஜே எங்கக்கா?" என்று என்னிடமே கேட்பார்கள். ஏணியில் நிற்கும் என் வீட்டுக்காரரைக் காட்டிவிடுவேன். அவர் மேலே இருந்தபடி என்னைக் காட்டுவார். கேட்டவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

இந்த வேலைக்கான சாஃப்ட்வேரில் திரையில் இரண்டு டெக் இருக்கும். ஒன்றில் ஒரு பாட்டு ஓடும்போது மற்றதில் அடுத்த பாட்டை ஏற்றி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்ற வேண்டும். ஆட்டோமிக்ஸ் போட்டுவிட்டால் அதை எல்லாம் அதுவே செய்துகொள்ளும். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்றுகூடச் சொல்லி வைக்கலாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது பெரிய வசதி. குனிந்த தலை நிமிராமல் ஒரு விசேஷத்தையே முடித்துவிடலாம்.

2. ஒன்றரை நிமிடம்

அன்று காலை டிபன் நேரத்தில் ஆளாளுக்கு ஒரு பாட்டு கேட்டார்கள். எல்லார் பாட்டும் கொஞ்சமாவது வரட்டும் என்று, ஒரு பாட்டுக்கு ஒன்றரை நிமிடம் என வைத்தேன். டிபன் முடிந்ததும் பெரிய மாமன் ராமருக்கான பாட்டையும் சின்ன மாமன் செந்திலுக்கான பாட்டையும் அதே வரிசையில் அடுத்தடுத்துச் சேர்த்தேன். அந்த ஒன்றரை நிமிட நேரக்கட்டை எடுக்க மறந்துபோனேன்.

மூத்தவர் சீர்தான் முதலில் வரவேண்டும். கடைசித் தட்டு உள்ளே வரும் வரை அவர் பாட்டுதான் ஓட வேண்டும். ராமருக்கு ஐம்பத்தொரு தட்டு. வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் தட்டோடு நடந்தார்கள். முன்னால் வந்த அவரே வளைவைத்தான் எட்டியிருந்தார். அதற்குள் ஒன்றரை நிமிடம் ஆகிவிட்டது. அவர் பாட்டு இறங்கி, தம்பி பாட்டு ஏறியது. பின்னால் தெருவில் காத்திருந்த செந்தில் ஆட்கள் விசிலடித்து ஆட ஆரம்பித்தார்கள்.

ராமர் நின்றுவிட்டார். அண்ணனும் தம்பியும் கிணற்றுத் தண்ணீர் விவகாரத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேசுவதில்லை. மண்டபத்தில் எல்லாருக்கும் அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் திரையில் பாட்டின் ஒலி அலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தையின் அம்மா ஜெயா பாக்ஸுக்குப் பின்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"சின்னவன் சொல்லித்தான பாட்ட மாத்துனீக? அண்ணன் திரும்பிப் போறேங்குது. எம்புள்ள யாரு மடியில உக்காந்து காது குத்தும்?"

அப்போதுதான் நேரக்கட்டு கண்ணில் பட்டது. ஆட்டோமிக்ஸை நிறுத்தினேன். பாட்டையும் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, தான் போய்ப் பேசுவதாகச் சொன்னார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. என்னத்தைப் பேசுவார்? நானே போனேன்.

மேசையிலிருந்து வளைவுக்கு முப்பது அடி இருக்கும். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன்.

"அண்ணே, தப்பு என்னோடது. சின்னவுக ஒண்ணுமே சொல்லல. டிபனுக்கு வச்ச நேரத்த எடுக்க மறந்துட்டேன். கம்ப்யூட்டரு தானா அடுத்த பாட்டுக்குப் போயிருச்சு."

"நீ யாரும்மா?"

"பாட்டுப் போடுறது நான்தாண்ணே."

"அப்ப ஏணியில நின்னாரே, அவரு?"

"அவரு லைட்டுண்ணே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சரி, மொதல்ல இருந்து போடுவ. நான் திரும்பத் தெருமுக்குக்குப் போயி நடந்து வரணுமாக்கும்? ஒரே சீர ரெண்டு தடவ தூக்கிட்டு வந்தா சனம் என்ன பேசும்?"

அப்போதுதான் முதல் டெக் ஞாபகம் வந்தது. அவர் பாட்டை நான் இன்னும் அதிலிருந்து எடுக்கவில்லை.

"வேண்டாம்ணே. பாட்டு நின்ன எடத்துலயேதான் இருக்கு. நீங்களும் நின்ன எடத்துலயேதான் நிக்கிறீக. இங்கன இருந்தே நடங்க, அதுவும் அங்கன இருந்தே பாடும்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"கடைசித் தட்டு உள்ள வார மட்டுக்கும்?"

"வார மட்டுக்கும்ணே."

செந்தில் முன்னால் வந்திருந்தார். அண்ணனைப் பார்க்காமல், அண்ணன் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்: "அக்கா, அவுக மேடையில உக்காந்தப்பறம் எம்பாட்டப் போடுங்க. முன்னாடி போட்டீகன்னா நான் நடக்க மாட்டேன்."

3. லூப்

பாக்ஸுக்குப் பின்னால் இருந்தால் தட்டு தெரியாது. மேசையை வெளியே இழுத்து வாசலைப் பார்த்துப் போட்டுத் தரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இழுத்துப் போட்டார்.

முதல் டெக்கை, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டேன். ராமர் நடந்தார். மீதிப் பாட்டு மூன்றரை நிமிடம்தான், தட்டுகள் வர அதற்கு மேல் ஆகும். அதனால் மேளம் மட்டும் வரும் இடத்தை லூப் போட்டேன், அதாவது அந்தத் துண்டே திரும்பத் திரும்ப வரும்படி செய்தேன். நம் ஊர் மேளத்தின் நடையைச் சாஃப்ட்வேர் பல நேரம் தப்பாக எண்ணிவிடும். அது காட்டிய இடத்தில் வெட்டினால் நடப்பவர் கால் தடுமாறும். ஹெட்போனில் கேட்டு நானே வெட்டினேன். கடைசியாக வளையல் தட்டோடு ஒரு பாட்டி வந்தார். இருமி, நின்று, மறுபடி நடந்தார். மேளமும் அவருக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் உள்ளே கால் வைத்ததும் லூப்பை எடுத்துவிட்டேன். பாட்டு தன் முடிவுக்குப் போய் முடிந்தது.

பிறகு செந்திலுக்கும் கடைசித் தட்டு வரை ஓடவிட்டேன். குழந்தை ராமர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டது. கத்தின கத்தலில் மைக்கே தேவைப்படவில்லை.

பந்திக்குப் போகும் வழியில் ராமர் என் மேசைக்கு வந்தார்.

"ஏத்தா, நான் வராமப் போயிருந்தா அந்தப் பாட்டு எம்புட்டு நேரம் அங்கனயே நிக்கும்?"

"நான் எடுக்குற வரைக்கும் நிக்கும்ணே."

"அம்புட்டுப் பொறுமை எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆட்டோமிக்ஸ் நல்ல வசதிதான். பந்தி நேரத்துக்கு நானும் இன்றுவரை போடுகிறேன். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு ஆள் நடந்து வருகிறார் என்றால் ஆட்டோமிக்ஸை எடுத்துவிடுங்கள். திரையில் ஓடும் அலையைப் பார்க்காதீர்கள், வருகிறவர் காலைப் பாருங்கள்.

கூச்சம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் அன்றிலிருந்து மேசையை வாசலைப் பார்த்துத்தான் போடுகிறோம். யாராவது வந்து டிஜே எங்கே என்று கேட்டால், நான் ஏணியைக் காட்டுவதில்லை.