சோதனைக்குப் போன கீழத்தெருத் தண்ணீர்

கருந்துறைப்பட்டில் பச்சமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்து என்ன புண்ணியம்? அவரைத் திட்டாத வாயும் அந்த ஊரில் கிடையாது. டவுன் பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்து விடுகிற ஆள் அவர். கல்வராயன் மலையடிவாரத்து ஊர் அது. கோமுகி ஆற்று மணலில் கிணறு தோண்டி, மோட்டார் வைத்துத் தொட்டியில் ஏற்றி, அங்கிருந்து தெருத் தெருவாகத் தண்ணீர் விடுவார்கள். ஆள் உயரத்துக்கு இருக்கிற வால்வு சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ஒவ்வொரு தெருவுக்கும் திறந்து மூட வேண்டியது பச்சமுத்து. தண்ணீர் வந்தால் பஞ்சாயத்து விட்டது. வராவிட்டால் பச்சமுத்து விடவில்லை. ஊர் நியாயம் அப்படித்தான் இருக்கும், என்ன செய்வது!

மாதம் ஒரு தரம் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்த் தண்ணீரைச் சோதனைக்குப் பிடித்துக்கொண்டு விழுப்புரத்து லேபுக்குப் போக வேண்டும். அதற்கென்று லேபிலேயே அவித்து, வாயில் காகிதம் சுற்றிக் கட்டிக் கொடுத்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கும். கம்பியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, குழாயின் வாயை முதலில் சுட வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் தண்ணீரை ஓட விட்டு, விரல் படாமல் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும். அவர் குழாய்வாயில் நெருப்புக் காட்டும்போதெல்லாம் தண்ணீருக்கு நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். "கொழாய்க்குக் கற்பூரம் காட்றாரு பாருடி. தேங்கா ஒடைக்கலியாண்ணே?" என்பார்கள். பச்சமுத்துவும் சிரித்துக்கொள்வார்.

ஆனால் அந்தக் கற்பூரம் எப்போதும் ஒரே குழாய்க்குத்தான். தொட்டிக்கு நேர் கீழே இருந்த குழாய் அது. ஈ.ஓ. என்று ஊரில் சொல்கிற நிர்வாக அதிகாரி தனசேகரன் பக்கத்திலேயே நின்றுகொள்வார். முதல் நாள் சாயங்காலமே தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டச் சொல்லியிருப்பார். அன்றைக்கு ஊர் முழுக்கச் சோற்றில் மருந்து நாறும். தொட்டிக்கு அடியில் பிடித்தால் எந்தத் தண்ணீர்தான் கெட்டதாக இருக்கும்? மாதா மாதம் ரிப்போர்ட் வரும், 'குடிக்கத் தகுந்தது' என்று. அதிகாரியின் முகம் மலர்ந்துவிடும்.

கெட்டது எங்கே என்று பச்சமுத்துவுக்குத் தெரியும். அவர் குடியிருந்த கீழத்தெருவுக்குப் போகிற இரும்புக் குழாய், பெரிய சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. துருவேறி, மூட்டுக்கு மூட்டு ஓட்டை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி வெட்டி அவரேதான் கட்டியிருந்தார். தண்ணீர் விடும்போது குழாய் வெளியே பீச்சும். வால்வை மூடியதும் சாக்கடையை உள்ளே உறிஞ்சும். மறுபடி திறந்தால் முதல் ரெண்டு குடம் கறுப்பாக வரும். அதை ஓட விட்டுவிட்டு, வெளுத்ததும் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தெருவின் வழக்கம் அது. வெளுத்துவிட்டால் நல்ல தண்ணீர்.

"பைப்ப மாத்திடலாங்க சார், ரொம்ப மோசமா கீது" என்று பச்சமுத்து கேட்காத மாதம் இல்லை.

"ரிப்போர்ட் நல்லா வருதேய்யா. நல்லாருக்கற தண்ணிக்குப் புது பைப்புன்னு நான் எப்டி மேல எழுதறது? லேப்ல மோசம்னு சொல்லட்டும், அன்னிக்கே எழுதறேன்" என்பார் தனசேகரன்.

அந்த வருஷம் ஆடியில் கீழத்தெருவில் வாந்தி பேதி வந்தது. கரும்பு வெட்டப் போகிற சாலம்மாளின் ஒரே பிள்ளை ஜீவா, நாலு வயது, காலையில் விளையாடிக்கொண்டிருந்தவன், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் போய்விட்டான். பச்சமுத்துவின் மகள் எழில்மதியும் படுத்தாள். அவளுக்குக் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "நோவு திரும்பி வந்தா தாங்க மாட்டா, அந்தத் தண்ணியக் குடுக்காதீங்க" என்றார். பச்சமுத்துவின் மனைவி செவ்வந்தி புருஷன் முகத்தைப் பார்த்தாள். வேறு எந்தத் தண்ணீரைக் கொடுப்பாள்? மேலத்தெருக் குழாயில் கீழத்தெருக் குடத்தை வைத்தால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியாதா? காய்ச்சிக் கொடுப்பாள். விறகு இல்லாத அன்றைக்கு அப்படியே கொடுப்பாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் கேட்டாள். "ஏன் மாமா, அந்த பாட்டில்ல நம்ம தெருத் தண்ணியப் புடிச்சிக்கினு போனா இன்னா?"

"ஈ.ஓ. பக்கத்துலயே நிக்கிறாரு செவ்வந்தி."

"நின்னா?"

வேலை போய்விடும் என்கிற பயத்தை எந்த வார்த்தையில் சொல்வது? அந்தப் பயத்துக்கும் ஜீவாவின் சாவுக்கும் நடுவில் எத்தனை குழாய் மூட்டு தூரம் என்று நினைத்து நினைத்து மனுஷன் சோறு இறங்காமல் கிடந்தார்.

புரட்டாசி பிறந்ததும் சாலை மறியல் வந்தது. எண்பத்தேழாம் வருஷம் அது. இடஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுக்க ரோட்டில் இறங்கினார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள், பாலத்துக்குப் பக்கத்தில் பள்ளம் பறித்தார்கள், பஸ் ஒன்றும் ஓடவில்லை. கல்யாணத்துக்கென்று திருநாவலூர் போயிருந்த தனசேகரன் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆபீசில் கிளார்க்கும் இல்லை. சோதனைத் தண்ணீர் பிடிக்கிற நாள் வந்தது. பாட்டில் இருந்தது, பெட்டி இருந்தது. பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை. இப்படி ஒரு நாள் இனி எப்போது வாய்க்கும்?

விடிகாலையில் பச்சமுத்து கம்பியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கீழத்தெருக் குழாய்க்குப் போனார். குழாயின் வாயில் நெருப்புக் காட்டினார். சாலம்மாள் குடத்தோடு நின்றிருந்தாள். அன்றைக்கு யாரும் தேங்காயைப் பற்றிக் கேட்கவில்லை. கறுப்பு ஓடி முடிந்து வெளுத்த பிறகுதான் பிடித்தார். அவர் மனசு அப்படி. கறுப்பையே பிடித்துக்கொண்டு போனால் ஏமாற்றியதாகிவிடும் என்று நினைத்தார்.

குச்சி ஐஸ்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஐஸைப் பெட்டியில் நிரப்பி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினார். விழுப்புரம் எங்கே, கருந்துறைப்பட்டு எங்கே! பஸ்ஸில் போனாலே பாதி நாள் ஆகும். வெட்டிப் போட்ட மரம் வந்தால் சைக்கிளைத் தூக்கித் தாண்டினார், பள்ளம் வந்தால் வயலில் இறங்கித் தள்ளினார். கள்ளக்குறிச்சி தாண்டி, தியாகதுருகம் தாண்டி, எலவனாசூர்கோட்டையை நெருங்கும்போது உச்சி வெயில். அங்கே ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பெட்டியைப் பார்த்ததும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாய்யா பெட்டி? எங்க எட்த்துக்கினு போற?"

"தண்ணிங்க. சோதனைக்கு எட்த்துக்கினு போறேன், கவர்மென்ட்டுத் தண்ணி."

கவர்மென்ட் என்ற வார்த்தையை அந்த இடத்தில் சொல்லலாமா? ஆசிட் என்றான் ஒருவன். போலீஸ் அனுப்பிய ஆள் என்றான் இன்னொருவன். நரைத்த மீசைக்காரர் ஒருவர், நாராயணசாமி என்று பேர், எல்லோரையும் அதட்டி விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "தொறந்து காட்டிடுய்யா, வம்பே இல்ல" என்றார்.

"தொறக்கக் கூடாதுங்க. கை பட்டா கெட்டுப்பூடுங்க. எங்க தெருவுல ஒரு புள்ள செத்துப்பூட்ச்சி. இது போய்ச் சேந்தாத்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் யாரோ பெட்டியைப் பிரித்துவிட்டான். நாராயணசாமி பாட்டிலை எடுத்து, காகிதத்தை அவிழ்த்து, மோந்து பார்த்தார். பிறகு மண் படிந்த ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு நனைத்து நாக்கில் வைத்தார். "வெறுந்தண்ணிதாம்பா, வுடுங்க" என்று சொல்லி, பத்திரமாக மூடி, காகிதத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷர். சைக்கிளை அவரே ஒரு கை பிடித்து மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார். "கூழ் குடிச்சிட்டுப் போய்யா. நாங்களும் புள்ளைங்களுக்காகத்தான் ரோட்ல ஒக்காந்துக்கினு கீறோம்" என்றார். பச்சமுத்து கூழ் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அந்த விரல்! லேபில் இருக்கிற கமலாம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறாள், "விரல் பட்டா விரல்ல இருக்கறதும் சேந்து வளரும் பச்சமுத்து, அப்பறம் அது ஒங்க ஊருத் தண்ணியே இல்ல" என்று. உளுந்தூர்பேட்டை வரைக்கும் சைக்கிளை மிதிக்கிறாரா மிதிக்கவில்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய் வேறு தண்ணீர் பிடிக்க வேறு பாட்டில் இல்லை. மறியல் முடிந்தால் தனசேகரன் வந்துவிடுவார். கொட்டிவிடலாம் என்று ஒரு இடத்தில் இறங்கி நின்றார். எழில்மதியின் மணிக்கட்டில் ஊசி குத்திய நீலத்தழும்பு நினைவுக்கு வந்தது. தண்ணீர் கெட்டது என்பது உண்மைதானே? விரல் சொன்னால் என்ன, சாக்கடை சொன்னால் என்ன? மறுபடி ஏறி மிதித்தார்.

லேபைப் பூட்டப் போகிற நேரத்தில் போய் நின்றார். கமலா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கட்டு வேற மாதிரி இருக்குதே, பிரிச்சியா?"

"இல்லீங்கம்மா. ரோட்ல குலுங்குனதுங்க."

இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது.

மறியல் ஓய்ந்து, தபால் ஓடத் தொடங்கிய பிறகு ரிப்போர்ட் வந்தது. 'குடிக்கத் தகாதது.' மாவட்ட ஆபீசுக்கும் ஒரு நகல் போய்விட்டது. தனசேகரன் குதித்தார். "எவன்யா ஒன்ன கீழத்தெருவுல புடிக்கச் சொன்னது?" அவர் திட்டி முடித்துக் களைத்த பிறகு பச்சமுத்து மெதுவாகக் கேட்டார், "பைப் மாத்த எழுதுவீங்களா சார்? லேப்ல மோசம்னு சொல்லிட்டாங்களே."

"எழுதறேன். எஸ்டிமேட் போட்டு, மேல போயி, சாங்ஷன் ஆயி எப்ப வருதோ அப்ப வரட்டும். அதுவரைக்கும் கெட்ட தண்ணிய ஜனங்களுக்கு வுட்டேன்னு என்ன உள்ள தள்ளிடுவாங்க. போயி மூடுய்யா அந்தக் கொழாய."

இதைத்தான் பாவி மனுஷன் பச்சமுத்து நினைத்தே பார்க்கவில்லை. கெட்டது என்று சொன்னால் நல்லதைக் கொடுப்பார்கள் என்று நம்பினார். இருப்பதையும் பிடுங்குவார்கள் என்று எந்தக் கற்பூரம் சொல்லும்? அவரே குழாயைக் கழற்றினார், அவரே மூடியைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினார். தெருவே நின்று பார்த்தது. செவ்வந்தி காலிக் குடத்தோடு நின்றாள்.

அதற்கப்புறம் கீழத்தெருப் பெண்கள் ஆற்றுக்குப் போய் மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, தோண்டத் தோண்ட ஈரம்தான் வந்தது. மேலத்தெருக் குழாயில் போய்க் கேட்டார்கள். அங்கே செவ்வந்தியின் குடத்தை ஒருத்தி காலால் எட்டி உதைத்தாள். நெளிந்த குடத்தைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள் செவ்வந்தி. கூலி வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீருக்கு நின்றால் வேலைக்குப் போவது எப்போது? ஆற்றோரக் குட்டையில் மாடு கழுவுகிற தண்ணீரை முகந்து வந்து துணியில் வடிகட்டிக் குடித்தார்கள்.

ஒருநாள் சாலம்மாள் வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாசலில் கைகூப்பி நின்றாள். "அண்ணே, அந்தக் கொழாயத் தொறந்து வுட்ருண்ணே."

"அந்தத் தண்ணி ஒம் புள்ளையக் கொன்னுச்சிம்மா."

"எனக்குத் தெரியாதாண்ணே? வவுறு எரியுது. ஆனா அதுகூட இல்லாம எப்டிண்ணே கீறது? எத்தினி பேரு குட்டத் தண்ணி குடிச்சிட்டு படுத்துக் கெடக்கறாங்க, வந்து பாரு. அந்தத் தண்ணியாவது வூட்டு வாசல்ல வந்துச்சி."

பச்சமுத்து என்ன சொல்வார்? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் குழாய் திறக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னால் கீழத்தெருத் தண்ணீர் கெட்டது என்று இனி எந்த நாளும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். பழைய தண்ணீரும் வேண்டாம், குட்டைத் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்ல அவர் யார்? மூன்றாவதாக ஒரு தண்ணீர் இருந்தால் அல்லவா! அன்றைக்கு முழுக்க வால்வுகளைத் திறந்து மூடிக்கொண்டே நடந்தார். சாயங்காலம் ஆபீசுக்குப் போய் தனசேகரன் முன்னால் நின்று, மறியலில் ஒருவர் பாட்டிலுக்குள் விரல் விட்ட கதையைச் சொன்னார்.

தனசேகரனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா? அப்ப நம்ம தண்ணியில ஒண்ணுமே இல்ல!" அன்றைக்கே தொட்டியில் பவுடரைக் கொட்டச் சொன்னார். மறுநாள் தொட்டிக்கு அடியில் பக்கத்தில் நின்று பிடிக்க வைத்தார். ரிப்போர்ட் வந்தது: குடிக்கத் தகுந்தது. முந்தைய ரிப்போர்ட் கை பட்டுக் கெட்டுப்போன தண்ணீரால் வந்தது என்று மேலே எழுதிவிட்டார். பைப் பேச்சும் அத்தோடு போயிற்று.

குழாயைத் திறக்கிற நாளில் கீழத்தெருவே கூடிவிட்டது. மூடியைக் கழற்றிக் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டு, பச்சமுத்து வால்வுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினார். கறுப்பாக வந்தது. அதை ஓட விட்டார்கள். வெளுத்ததும் பெண்கள் குலவை போடாத குறைதான். "நீ நல்லாருக்கணும் அண்ணே, ஒம் புள்ளகுட்டி நல்லாருக்கணும்" என்று சாலம்மாள் அழுதுகொண்டே குடத்தை வைத்தாள். செவ்வந்தி நெளிந்த குடத்தோடு வரிசையில் நின்றாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த எழில்மதி கூட்டத்துக்குள் புகுந்து, குழாயடியில் குனிந்து, ரெண்டு கையாலும் ஏந்திக் குடிக்கத் தொடங்கினாள். பச்சமுத்து சாவியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "குடிக்காதடி! துப்பு, துப்புடி!" என்று கத்தினார்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழில்மதி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏம்ப்பா? நீதான தொறந்து வுட்ட?" என்றாள்.

பின்னால் நின்றவள் குடத்தை நகர்த்தி வைத்தாள், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.