மூன்று வயர் துண்டுகள்

அண்ணன் எந்தப் படையில் சேர்ந்து பறப்பது என்பதை எங்கள் வீட்டில் அவனைத் தவிர எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அவனுக்கு விமானியாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேர்வு விண்ணப்பம் முப்படைகளையும் விருப்ப வரிசையில் எழுதச் சொன்னது. மூன்றிலும் பறக்கலாம் என்பதுதான் சிக்கல்.

விமானப்படைத் தளத்தை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த மாமா விமானப்படைக் கட்சி. சீருடைக்காரர்களின் சான்றிதழ்களை நகலெடுத்ததிலேயே அந்தப் படையின் உள்விவகாரம் முழுவதும் தமக்குத் தெரியும் என்று நம்பியவர். அப்பாவுக்குக் கடற்படையின் வெள்ளை உடுப்பு பிடித்திருந்தது. “கப்பல் மேல பிளேனை எறக்கணும். அது ஆடிக்கினே கீது” என்று மாமா பயமுறுத்தினார். “ஹெலிகாப்டர் தாழ்வாத்தான் போவும். கீழ வுயுந்தாலும் அடி கம்மி” என்பது ராணுவத்துக்கு ஆதரவாக அம்மா சொன்ன காரணம்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுச் சாமி படத்தின் முன் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் அம்மா. வழக்கமாக ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் போதும். இங்கே படைகள் மூன்று. தொழிற்பேட்டையில் வயர்மேனாக இருந்த அப்பா, தன் பையிலிருந்த வயர்களில் மூன்று துண்டுகளை வெட்டினார். வானத்தின் நீலம் விமானப்படைக்கு. “கடலும் நீலந்தானே?” என்று அம்மா கேட்டதில் கால் மணி நேரம் போயிற்று. பச்சை ராணுவத்துக்குப் போக, மிச்சமிருந்த சிவப்பு கடற்படைக்கு வந்தது. மூன்றையும் காகிதத்தில் மடித்துப் போட்டார்கள்.

வீட்டிலேயே சிறியவள் என்பதால் எட்டு வயதான நான் ஒன்றை எடுத்தேன். அண்ணன் பிரித்தான்.

“ஆர்மி” என்றான். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். “செவப்பு. நேவி.”

“சாமி முன்னாடியே டபாய்க்கிறான் பாரு!” என்று மாமா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. அவர் மற்ற பொட்டலங்களையும் பிரித்து, சிவப்பையும் பச்சையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“பச்சைய எடு நைனா.”

அண்ணன் அப்பாவின் கையை டியூப் லைட் பக்கம் திருப்பிப் பார்த்தான். பிறகு சிவப்பை எடுத்தான்.

“வெளாடாதடா” என்றாள் அம்மா.

“அன்னிக்கு ஃபேன் மாட்டசொல்லோ வயர மாத்திக் குட்த்தியே, அதும் இதானா?” என்றார் அப்பா. அண்ணன் தலையாட்டினான். “அதுக்குப் போயி அடிச்சிட்டேனேடா.”

விமானத்தைப் பற்றிய பேச்சில் மின்விசிறி ஏன் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா அண்ணனின் தோளில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எந்தப் படையும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். விண்ணப்பம் போகவில்லை.

மூன்று படைகளிலும் விமானிக்கு நிறம் பிரித்தறியும் கண் வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் தவறான பொட்டலத்தை எடுத்ததுதான் காரணம் என்று நினைத்தேன். மறுநாள் அப்பாவின் பையைத் துழாவி நீலத் துண்டைக் கண்டுபிடித்து அண்ணனிடம் கொடுத்தேன்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீலம்” என்றான். “இது நல்லாத் தெரிதுடி.”

அண்ணன் விமானப்படைக்குச் சம்மதித்துவிட்டான் என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.