கறாரக்கா ஏற்றிய கட்டுரை

பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்குக் கறாரக்கா என்றுதான் பெயர். பேராசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிக்கும்படி பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. பதிப்பகம் அச்சிட்டுத் தந்த பளபளப்பான பிரதியை யாராவது நீட்டினால் போதும், முகத்தில் அடித்தாற்போல் திருப்பிவிடுவாள்.

"அது அவங்க சொத்து சார். திருத்தி முடிச்சு நீங்க அவங்களுக்கு அனுப்புன கடைசிப் பிரதி இருக்கும்ல, அதக் குடுங்க. அதத்தான் சட்டப்படி போடலாம்."

வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற துறைத்தலைவர்கள்கூட அவளிடம் பெட்டிப்பாம்புதான்.

ஈயம் உருக்கும் ஆலையைச் சுற்றியிருக்கும் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த கட்டுரையையும் அப்படித்தான் ஏற்றினாள். அதை நீக்கச்சொல்லி ஆலை வக்கீல் துருவித் துருவிப் பார்த்தார். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. சட்டம் கைகொடுக்காததும் முதலாளி அடியாளை அனுப்பினான். வந்தவன் யார் என்கிறீர்கள்? அவளுடைய கூடப்பிறந்த தம்பி! சோறு ஊட்டி வளர்த்தவளைத் தேடி நூலகத்துக்கே வந்து அவள் அறைக் கதவைத் தாழிட்டான், பாவி.

"அத எடுத்துடுக்கா. மரியாதையா சொல்றேன்."

"முடியாதுடா. அந்த ஆலைத் தெரு ஜனங்க அதப் படிக்க வேற வழியில்ல."

விட்டான் ஒரு அறை. நாற்காலியோடு சாய்ந்தாள், உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. முடியைப் பிடித்துத் தூக்கி, அவள் வலது கையை மேசை இழுப்பறைக்குள் திணித்து ஓங்கி உதைத்தான். விரல்கள் முறிந்தன. அவள் அலறினாளே தவிர, கட்டுரையை நீக்குவதற்கான கடவுச்சொல்லைச் சொல்லவில்லை. வெறி தலைக்கேறி, கணினியைத் தூக்கித் தரையில் அடித்தான். கட்டுரை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டான், மடையன்.

"ஒடைடா, நல்லா ஒடை. அது உன் போன்லயே வரும். போன வருசம் இந்த ஆராய்ச்சிக்குத்தான உன் பொண்ணுக்கும் ஸ்கூல்ல ரத்தம் எடுத்தாங்க? இத ஏத்துன அன்னிக்கே உனக்குப் போன் பண்ணேன். நீதான் கட் பண்ணிட்ட."

அவன் கை அப்படியே நின்றது. மகள் மாதக்கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். போனை எடுத்துத் தேடினான். காசு கேட்காமல் கட்டுரை திறந்தது. குழந்தைகளுக்கு எண் மட்டும் போட்டிருந்த அட்டவணையை மேலும் கீழும் தள்ளினான்.

"இதுல பேரே இல்லியேக்கா. எந்த நம்பர் என் புள்ள?"

அவளுக்கும் தெரியாது. குழந்தைகளின் பெயரை வெளியிடுவதில்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"எதுவா இருந்தா என்னடா? அதுல ஒரு புள்ளைக்குக்கூட ரத்தம் நல்லா இல்ல."