நான் தேர்ந்தெடுத்த சத்தம்

அந்த வண்டியை வாங்கியபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் பதினேழு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்து எந்திரம் அடிக்கும் இடம் அது. அதுவரை அக்ரஹாரத்து மூலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனபோது அவருடைய 350 சிசி பைக்கை நான் எடுத்துக்கொண்டேன். நல்ல வண்டி. ஆனால் முதல் நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு குறை இருந்தது. அதன் சத்தம் போதவில்லை.

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிடுவேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு தடவை மெக்கானிக் என்ஜின் பக்கத்தில் குனிந்து, "டேப்பட் சத்தம் வருது சார், கேக்குதா?" என்று கேட்டார். நானும் குனிந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஆமா, கேக்குது" என்றேன். அதெல்லாம் மெக்கானிக்குகளுக்கு மட்டும் பிடிபடுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

சைலன்சரை மாற்றினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். ஒரு வார விடுமுறை நாளில், வண்டிக்கு வேண்டிய மேல்சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கக் குழாய்கள் தொங்கின. கடைக்காரர் கன்னடக்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார். மூன்று குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக் காட்டினார். முதலாவது கறுப்பு நிறத்தில் கட்டையாக இருந்தது. அதன் சத்தம் எனக்கு எட்டவே இல்லை. இரண்டாவது நீளமானது, உள்ளே பஞ்சு சுற்றியது. அது பரவாயில்லை. மூன்றாவதை மாட்டியபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போதுதான் வண்டி பேசுகிறது என்று தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் கூடுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தக் குழாயின் வாய்க்குள் சத்தத்தை அடக்குவதற்கென்று இன்னொரு சின்னக் குழாய் செருகியிருக்கும். ஒரே ஒரு போல்ட்டில் நிற்பது. அதைக் கழற்றினால் கூடும் என்றார். பிறகு, "வீடு எங்க சார்?" என்று கேட்டார்.

"அக்ரஹாரம்."

"அந்தச் சந்துல இது பேடா, வேண்டாம் சார். ரொம்ப ஜாஸ்தி ஆயிடும். அத உள்ளயே விட்டுடுங்க."

"கழட்டிடுங்க," என்றேன்.

அவர் கழற்றினார். நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். நெஞ்செலும்பில் யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல் இருந்தது. அன்று ரிங் ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டுத்தான் வீடு திரும்பினேன். வாசலுக்கு வந்த என் மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் தெரு குறுகலானது. வீடுகள் சுவரோடு சுவராக நிற்கும். முதல் ஷிப்டுக்குப் போகிற வாரங்களில் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுப்பேன். கிளம்புமுன் இரண்டு நிமிடம் என்ஜினைச் சூடாக்குவேன். எதிர்வீட்டு ஜன்னல் என் வண்டிக்கு நேராக இருந்தது. அந்த வீட்டில் மேலுக்கோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். அவர் மனைவி அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் காபி கொடுப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையும் என் வண்டியையும் சேர்த்து நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான்கு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தெருவைக் கடந்து வந்து என் முன்னால் நின்றார்.

"ஒரு நிமிஷம் உள்ள வரேளா? அவரைப் பார்த்துட்டுப் போங்கோ."

ஏதோ உதவி வேண்டும்போல என்று கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. அம்மாள் அவருடைய இடது கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். மணிக்கட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மருந்து தடவியிருந்தார்கள்.

"நீங்க வண்டியை எடுக்கறச்சே இவருக்குத் தூக்கிப் போடறது. காபியெல்லாம் மேலே கொட்டிக்கறார். இப்போ நான் ஆறவச்சுத்தான் குடுக்கறேன். ஆனா வியாழக்கிழமை மறந்துட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அம்மா," என்றேன்.

"உங்க ஆத்துல மூணு தடவை சொன்னேனே," என்றார். குரலில் கோபமே இல்லை. "நீங்க சரின்னுட்டேள்னு சொன்னா அவ. அதான் காத்துண்டிருந்தேன்."

அவர் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். படியேறும்போது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, என் மனைவிமேல். அவள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுத்த வீட்டம்மா உங்கிட்ட சொன்னாங்களாமே. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மூணு வாட்டி சொன்னனுங்க. நீங்களும் ம்னு சொன்னீங்க. ஒருக்கா செரி பாக்கலாம்னுகூட சொன்னீங்க. அவங்க மொகத்துல முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது."

"எப்பச் சொன்ன?"

"இங்கதானுங்க. நீங்க சாப்பிடறப்ப, நான் தோசை ஊத்திட்டு இருக்கறப்ப."

அடுப்பு சுவரைப் பார்த்தபடி இருக்கும். அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் தோசை ஊற்றுவாள். நான் அவள் பேசுகிறாள் என்று தெரிந்து 'ம்' கொட்டியிருப்பேன். அப்படித்தான் கொட்டிக்கொண்டிருந்தேன், எத்தனை மாதமாக என்று எனக்கே தெரியாது. ஆனால் அதை அவளிடம் சொல்லாமல் கையைக் கழுவக் குழாயடிக்குப் போய்த் திரும்பி நின்றேன். கழுவி முடித்துத் திரும்பியபோது அவள் எனக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நான் இப்ப என்ன சொன்னனுங்க?" என்று கேட்டாள்.

"நீ எதுவும் சொல்லலியே."

"நாலு வாட்டி கூப்பிட்டேன்."

நான்தான் முதலில் கீழே உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குக்கர் விசில் எத்தனை வந்தது என்று நான் சரியாகச் சொல்லி எவ்வளவு நாளாகிறது, மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லும்போது நான் ஏன் எழுந்து போய்விடுகிறேன் என்றெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மகள்மேல் எனக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அதைச் சொன்னபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சின்னக் குரல்தான் எனக்கு முதலில் போயிருக்கிறது.

தொழிற்சாலையில் எங்களுக்கு வருடம் ஒருமுறை காது சோதனை உண்டு. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். கேட்கவில்லை என்று எழுதிவிட்டால் பிரஸ் ஷாப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதனால் நான் சோதிக்கிறவரின் விரல் அசைவதைக் கண்ணாடியில் பார்த்து அழுத்துவேன். காதில் அடைக்கக் கொடுத்த பஞ்சு கழுத்தில் கயிற்றோடு தொங்கும், அதிகாரிகள் வரும்போது மட்டும் காதுக்குள் போகும். எங்களில் பலர் அப்படித்தான். அன்று மாலை இதையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நாளைக்கே போய்ப் பாக்கோணும்," என்றாள்.

காது பரிசோதனை நிலையத்தில் என்னைச் சோதித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முதுகைக் காட்டி உட்காரவைத்துவிட்டார், எதையும் பார்க்க வழியில்லை. முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு படிக்கட்டில் இறங்குவதுபோல் கீழே போனது. இறங்கிய இடத்தில்தான் குழந்தைகளின் குரலும் பறவைகளின் சத்தமும் இருக்கின்றன என்றார். நரம்பு செத்தது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். நான் சைலன்சரைப் பற்றிக் கேட்டேன். இந்தக் காதுக்குக் கீழ்ஸ்தாயியில் வரும் கனத்த சத்தம்தான் பிடிக்கும், அதுவும் பலமாக இருந்தால்தான் பிடிக்கும் என்று பதில் சொன்னார். கடையில் மூன்றாவது குழாய்க்கு நான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

பத்து நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வந்தது. அன்று நிலையத்துக்கு நான் மட்டும் வண்டியில் போயிருந்தேன். மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது என் சட்டை உரசுவதுகூடக் கேட்டது. வண்டி நிறுத்துமிடத்தில், ஹெல்மெட் போடுமுன், ஸ்டார்ட் செய்தேன்.

அது நான் தேர்ந்தெடுத்த சத்தம் இல்லை. நான் அறிந்திருந்த அந்தக் கனத்த தட்டலுக்கு மேலே, தகரத்தைக் கிழிப்பதுபோல் இன்னொரு சத்தம் இருந்தது. அது இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தாய் தன் குழந்தையைத் தோளோடு அணைத்து அதன் தலையைக் கையால் மூடினாள். விரல்களுக்கிடையில் அதன் காதுக்குப் பின்னால் என்னுடையதைப் போலவே ஒரு கருவி தெரிந்தது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகை எனக்கு நன்றாகக் கேட்டது.

என்ஜினை அணைத்தேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டி, மெயின் ரோடு வரை போனேன்.

மறுநாள் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வண்டியோடு வந்த பழைய சைலன்சரைக் கடைக்காரர் எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அதே மாதிரி ஒன்றும், வேறு இரண்டும் எடுத்து வைத்தார். "இந்தத் தடவை நான் கேக்கல. இவங்கதான் கேப்பாங்க," என்றேன். கடைக்காரர் என் காதைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தார்.

அவள் எங்கள் தெருவின் அகலம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு அத்தனை அடி தள்ளி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றாக மாட்டி முறுக்கினோம். முதல் இரண்டுக்கும் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். மூன்றாவதுக்குக் கண்ணைத் திறந்து, "ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆயித்து," என்று சிரித்தார் கடைக்காரர்.

அதையே மாட்டிக்கொண்டோம். எனக்கு அது ஓடுவது கேட்காது. ஹெல்மெட்டுக்குள் கருவி அழுத்துவதால் ஓட்டும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். கியர் மாற்றுவதைப் பாதத்தில் வரும் அதிர்வை வைத்துப் பழகிக்கொண்டேன். காலையில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கேதான் எடுப்பேன்.

அடுத்த சோதனையில் தொழிற்சாலையில் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பட்டனை எப்போதாவதுதான் அழுத்தினேன். இரண்டே வாரத்தில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிகளும் பட்டியல்களும் உள்ள இடம். அங்கே மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கும். பிரஸ் ஷாப் வழியாகப் போகும்போதெல்லாம் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் பஞ்சைக் காதில் வைக்கச் சொல்வேன். சிலர் வைத்தார்கள். சிலர் என் காதைக் காட்டிக் கிண்டல் செய்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார். இன்னொரு முறை பக்கவாதம் வந்ததாகச் சொன்னார்கள். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன்பு பலமுறை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது.

காரியங்களெல்லாம் முடிந்த பிறகு, அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் அந்த அம்மாள் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தூறலாக இருந்ததால் ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. நான் கூட்டிப்போவதாகச் சொன்னேன். அவர் என் வண்டியில் ஒருபக்கமாக உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியில் ஏதோ பேசினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'ம்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லாமல், ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கருவியை மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னீங்க அம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. கல்யாணமான புதுசுல இவரும் இந்த மாதிரி வண்டிதான் வச்சிண்டிருந்தார். நீங்க வண்டியை எடுக்கறச்சே அவர் தூக்கிப் போட்டது பயத்துலயா, இல்ல எழுந்து பார்க்கணும்னு நினைச்சாரான்னு எனக்குத் தெரியவே இல்லை. டாக்டர் சத்தம் வேண்டாம்னார். நானும் பயம்னே வச்சுண்டேன்."

அந்தப் பேச்சில் ஆறுதல் தேடிக்கொள்ள மனம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அவருடைய மணிக்கட்டில் உரிந்திருந்த தோல் உடனே கண்ணுக்கு முன்னால் வந்தது. பயமோ ஆசையோ, கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை.

"நேரமாறது, போலாமா?" என்றார் அம்மாள்.

தூறல் வலுத்திருந்தது. அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கிளம்பினேன்.