எல்லையில் நின்ற ஒன்பது நாள்

சென்ற மாதம் மைசூரில் ஒரு ஓட்டல் மாடியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள், லாரி முதலாளிகள், டிரைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லையில் லாரிகள் காத்துக் கிடப்பதை எப்படிக் குறைப்பது என்பதுதான் பேச்சு. இருபத்திரண்டு வருஷம் டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பேப்பர் வேலை பார்த்தவள் என்று மாலை போடாத குறையாக மேடையில் ஏற்றினார்கள். மைக்கைப் பிடித்ததும் முதல் விதியைச் சொன்னேன்: “லோடு ஏத்தி, தார்ப்பாய் கட்டி முடிச்சப்புறம் ஒருத்தர் கீழ இறங்கிப் போய், வண்டி நம்பரையும் பேப்பர்ல இருக்கிற நம்பரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.” எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். இந்த விதி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. நானா சொல்வேன்!

அந்த நாட்களில் எங்கள் ஆபீஸிலிருந்து நேபாளத்துக்கு ஊதுபத்தி லோடு போகும். மைசூரில் ஏற்றினால் ஆறாம் நாள் எல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டி போய் நின்ற பிறகுதான் பேப்பர் வேலையே தொடங்கும். மூன்று நாள், நாலு நாள் வண்டி சும்மா நிற்கும். அதை மாற்றியது நான்தான், பொய் சொல்லவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்பே எல்லா விவரத்தையும் எல்லையிலுள்ள எங்கள் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுவேன். வண்டி போய்ச் சேரும்போது பேப்பர் தயாராக நிற்கும், அரை நாளில் தாண்டிவிடும். முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டிப் பெருமை பேசுவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டால் ஆபீஸே கேட்கிற மாதிரி கத்துவேன்.

எங்களிடம் ராமாபுரத்து டிரைவர் ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். அப்பா அம்மா இல்லை, ஒரே ஒரு தங்கச்சி. அவளைப் பாலாறு தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் மகளுக்கு விஜயதசமி கழிந்து எட்டாம் நாள் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று காட்ட இவர் ஒருவர்தான்.

“ஏனுங்க அக்கா, அடுத்த வாரம் போற என்னைய இந்த வாரமே அனுப்பிருங்களே. போயிட்டு நாலு நாள் முன்னாடியே ஊர் வந்து சேந்தர்றேன்” என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். முதலாளியிடம் சொல்லி, அந்த வாரம் போக வேண்டிய வண்டியை நிறுத்தி, இவர் வண்டியை மாற்றிவிட்டேன். ஆனால் பழைய வண்டியின் நம்பரோடு பேப்பர் ஏற்கெனவே எல்லைக்குப் போயிருந்தது.

“நம்பர் மாத்தோணுமுங்களா?” என்று அவரே கேட்டார்.

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தம்பி, நீங்க கிளம்புங்க” என்றேன்.

கிளம்பினார். நான் மறந்தேன். காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் இல்லை. வேறு வேலை வந்தது, மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு எல்லையிலிருந்து போன் வந்தது.

“அக்கா, பேப்பர்ல வேற வண்டி நம்பர் இருக்குதாமுங்க. விட மாட்டேங்கறாங்க.”

அவர் கோபப்படவில்லை. “யாருக்கும் வர்றதுதானுங்க. முதலாளிகிட்ட நான் சொல்லலை, நீங்களே பதமாச் சொல்லிக்குங்க” என்றார். என் மானத்தைக் காப்பாற்றித் தருகிறார், பாவி மனிதர்!

ஏஜெண்டைக் கூப்பிட்டேன். லெட்டர்ஹெட்டில் வண்டி மாறிய விவரம் எழுதி, முதலாளி கையெழுத்தோடு நாலு மணிக்குள் அனுப்பினால் அன்றைக்கே தாண்டிவிடலாம் என்றார். விட்டால் கஷ்டம். நமக்குத் தசரா மாதிரி அவர்களுக்குத் தசைன். மறுநாளிலிருந்து திருத்தம் போட அதிகாரம் உள்ள ஆள் யாரும் இருக்க மாட்டார், இந்தப் பக்கமும் பண்டிகை லீவுதான்.

முதலாளி அடுத்த அறையில்தான் இருந்தார். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு, பத்தடி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. முந்தின வாரம்தான் இதே மாதிரி நம்பர் தப்பாக அடித்த ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, “கண்ணு முதுகுலயா இருக்கு?” என்று கேட்டிருந்தேன். அவள் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது நான் எப்படிக் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போவது? லெட்டர் இல்லாமல் முடிக்கப் பாருங்கள் என்று ஏஜெண்டைக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அவரும் அலைந்து பார்த்தார், நடக்கவில்லை. நாலு மணி ஆயிற்று.

அதற்குப் பிறகு தினமும் காலை பத்து மணிக்கு டிரைவரிடமிருந்து போன் வரும்.

“அக்கா, இன்னிக்கி ஆகுங்களா?”

“நாளைக்கு ஆயிடும் தம்பி.”

சரிங்க அக்கா என்று வைத்துவிடுவார். சில நாள் தமாஷாகவும் பேசுவார். லோடு ஊதுபத்தி என்பதால் வண்டியைச் சுற்றி ஒரே வாசமாம், வரிசையில் நிற்கிற மற்ற டிரைவர்கள் அதைச் சாமி வண்டி என்று கூப்பிடுகிறார்களாம். நானும் சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் அவர் வேறு ஒன்று கேட்டார். “காதுகுத்துக்குப் போயாகோணுமுங்க. வேற டிரைவர் யாரையாவது ரயில்ல அனுப்பச் சொல்லுங்களேன். சாவியைக் குடுத்துட்டு வந்தர்றேன். லோடு வண்டியைச் சும்மா விட்டுட்டு வர முடியாதுங்களே. நானே முதலாளிக்குப் போன் போடட்டுங்களா?”

“வேண்டாம் தம்பி, நான் பேசறேன்” என்று அவசரமாகச் சொன்னேன். அவர் பேசினால் எல்லாம் வெளியே வந்துவிடுமே.

மறுநாள் ஆயுத பூஜை. ஆபீஸில் கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். முதலாளி கையில் ஆரத்தித் தட்டோடு என் பக்கம் திரும்பி, “காடி எல்லிதம்மா?” என்று கேட்டார். அவர் கன்னடம்தான் பேசுவார்; வண்டி எங்கே இருக்கிறது என்கிறார். எல்லையில் கூட்டம் சார், தசரா இல்லையா என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்தார். பாவம், அந்த டிரைவர் வீட்டில் ஏதோ விசேஷம் என்றாயே, நம் ஷெட்டில் ஒரு ஆள் சும்மாதான் இருக்கிறான், ரயிலில் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

நான் வாய் திறந்து கேட்காமலே கேட்டார். அன்றைக்கு ஆள் கிளம்பியிருந்தாலும் காதுகுத்துக்கு முந்தின நாள் இவர் ஊர் வந்து சேர்ந்திருப்பார். ஆனால் ஆள் அனுப்பினால் எதற்கு இத்தனை நாள் என்று விசாரிப்பார். ஏஜெண்டுக்குப் போன் போடுவார். என் தப்பு தெரியும். அதை நான்கு நாள் மூடி வைத்ததும் தெரியும்.

“பேடா சார், நாளெ ஆகத்தெ” என்றேன். வேண்டாம் சார், நாளைக்கு ஆகிவிடும்.

அவர் பூசணித் துண்டு ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று ராமாபுரத்துக்காரரும் எல்லையில் தன் வண்டிக்குப் பூஜை போட்டிருந்தார். “பூசணி கிடைக்கலைங்க அக்கா. முன் சக்கரத்துக்கு மட்டும் ரெண்டு எலுமிச்சம்பழம் வெச்சேன். ஒரு அடிதான் நகத்துனேன், முன்னாடி வேற வண்டி” என்றார். பிறகு கேட்டார், “முதலாளி என்னங்க சொன்னாரு?”

“ஆள் இல்லைங்கறார் தம்பி” என்றேன்.

“சரிங்க” என்று வைத்தார். அந்த ஒருமுறைதான் அக்கா என்று சொல்லாமல் வைத்தார்.

பண்டிகை முடிந்து ஆபீஸ் திறந்ததும் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் கட்டுக்கு நடுவில் அந்த லெட்டரைச் செருகினேன். முதலாளி படிக்காமலே போட்டுக் கொடுத்தார். அவ்வளவு நம்பிக்கை என் மேல். ஒன்பதாம் நாள் வண்டி எல்லை தாண்டியது. சரக்கை இறக்கிவிட்டு ராத்தூக்கம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார், ஆனாலும் காதுகுத்து அன்று அவர் ஜபல்பூர் பக்கம்தான் இருந்தார்.

அன்று காலை மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது போன் வந்தது.

“அக்கா, மணி பத்தாச்சுங்களே. குத்தியிருப்பாங்களா?”

“குத்தியிருப்பாங்க தம்பி. நீங்க நிதானமா ஓட்டுங்க.”

“தங்கச்சி போனே எடுக்க மாட்டேங்கறாளுங்க.”

பெண்ணை அவள் பெரியப்பா மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். சீர் செய்யப் பயந்து அண்ணன் ஒளிந்துகொண்டான் என்று மாமியார் வீட்டில் பேசினார்களாம். அவள் பந்தியில்கூட உட்காராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். இதையெல்லாம் அவர் திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரே நின்று சொன்னார். நான் ஸ்டேப்ளரை எடுத்து வைத்துக்கொண்டு, ஐயோ என்றேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த மனிதருக்குக் காரணமே புரியவில்லை. நல்ல டிரைவர், என்ன கோபமோ என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த ஓட்டல் மாடியில் நான் பேசி முடித்துக் கீழே இறங்கியதும் சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து அக்கா என்று ஒரு குரல் கேட்டது. அவர்தான். மீசை நரைத்திருந்தது. வேறொரு கம்பெனி டிரைவர்களோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

“மொத விதி எனக்காகப் போட்டதுதானுங்களே?” என்று சிரித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமாம் தம்பி, என் தப்புதான் என்றேன். அதையாவது சொன்னேன்.

“அட விடுங்கக்கா. நம்பர் தப்பாறது எல்லா எடத்துலயும் நடக்குது.” ஓரமாக இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டார். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் சீர்த்தட்டோடு பாலாறு தாண்டிப் போகிறாராம். “வாங்கி வெச்சுக்குவாளுங்க. வாண்ணான்னு ஒரு வார்த்தை வராது. பொண்ணு எட்டாவது படிக்கறா, கதவுக்குப் பின்னாலருந்து எட்டிப் பாப்பா.”

நான் சோற்றைத் தொடாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

“உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. தெனமும் போனை எடுத்துப் பேசுனது நீங்க ஒருத்தர்தான். அந்த முதலாளியைத்தான் இன்னும் மன்னிக்க முடியலை. ஒரு ஆளை ரயில் ஏத்தி உட மனசு வரலையே அந்தாளுக்கு! போன வருசம் செத்துட்டார்னு சொன்னாங்க. என் வண்டி அன்னிக்கி மைசூர்லதான் நின்னுச்சு. நான் போகலை.” தட்டில் இருந்த கடைசிக் கவளத்தை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீங்க அவருகிட்டக் கேட்டீங்கதானுங்களே, அக்கா?”

பத்தடி தூரம்கூட இல்லை இப்போது. முழங்காலுக்கு எதிரே முழங்கால். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

“கேட்டேன் தம்பி” என்றேன்.

“தெரியுமுங்க. நீங்க கேக்காம இருப்பீங்களா” என்றார். நான் சாப்பிடாமல் வைத்திருந்த தட்டையும் தன் தட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.